மேடை வரிசையில் நிற்பவர் கையில் ஒரு சீட்டு: வரவேற்பை உங்கள் வீட்டு வரவேற்பாக மாற்ற ஒரு வழிகாட்டி

முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை. வேலூரில் ஒரு மண்டபம். வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனமும் கற்கண்டும் நீட்டி உள்ளே அனுப்புகிறார்கள். பேரணாம்பட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த பெரியப்பா, மேடைக்குப் போகும் வரிசையின் கடைசியில் நிற்கிறார். அரை மணி நேரம் அடிமேல் அடி வைத்து நகர்ந்து மேடை ஏறுகிறார். மணமக்களுக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம். இறங்குகிறார். பந்தி. தாம்பூலப் பை. கடைசி பஸ்.

மணப்பெண்ணுக்கு ஐந்து வயதாக இருந்தபோது அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவுக்குப் போனவர் அவர். கூட்டத்தில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு அவள் அழுத கதையை இன்றும் ஆசையாகச் சொல்வார். அந்த மாலையில் அதைச் சொல்ல அவருக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

வரவேற்பில் விருந்தினர்களுக்கு ஏதாவது விளையாட்டு வைக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் இந்தப் பெரியப்பாவைப் பற்றித்தான் சொல்கிறேன். அவருக்கு ஓர் இடம் செய்து கொடுப்பதுதான் நம் வேலை. கலகலப்பு தானாகப் பின்னால் வரும். எங்கள் குடும்பத்திலும் நண்பர்கள் வீட்டிலுமாக ஏழு வரவேற்புகளில் இந்தப் பொறுப்பை எடுத்துச் செய்திருக்கிறேன். அதில் கற்றதை, இதுவரை இப்படி எதையும் செய்து பார்க்காத வீடுகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் மண்டபத்தை நடந்து பாருங்கள்

என்ன விளையாட்டு என்று யோசிப்பதற்கு முன் மண்டபத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். பகலில் காலி மண்டபத்தைப் பார்ப்பதைவிட, வேறொரு வீட்டு வரவேற்பு நடக்கும் மாலையில் மேலாளரிடம் சொல்லிவிட்டு ஓரமாக நின்று பார்ப்பது நல்லது. கூட்டம் எங்கே தேங்குகிறது, எங்கே வேகமாகக் கடந்து போகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 பேருக்குச் சாப்பாடு சொல்லியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். குடும்பம் குடும்பமாக, நண்பர் குழுவாக, ஏறத்தாழ 180 குழுக்களாக அவர்கள் மேடை ஏறுவார்கள். ஏறி, பரிசு கொடுத்து, படம் எடுத்து, இறங்க ஒரு குழுவுக்கு ஒரு நிமிடம் என்றாலும் 180 நிமிடம். 6.30 மணிக்கு மணமக்கள் மேடைக்கு வந்தால் 9.30 வரை வரிசை ஓயாது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே நேரத்தில் 150 பேர் உட்காரலாம் என்றால் நான்கு பந்தி. ஒரு பந்திக்கு 35 முதல் 40 நிமிடம். ஆக, வருகிற ஒவ்வொருவரும் வரிசையிலோ பந்திக் கதவருகிலோ எப்படியும் 20 நிமிடம் சும்மா நிற்கிறார். நீங்கள் பயிர் வைக்க வேண்டிய நிலம் அந்த 20 நிமிடம்தான்.

மேடையை நிறுத்திவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, எல்லாரும் வாருங்கள் விளையாடலாம் என்று மைக்கில் அழைக்கும் திட்டம் நம் பக்கத்து வரவேற்புகளுக்கு ஒத்துவராது. போளூருக்குக் கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர் இருப்பார். தூங்கி வழியும் குழந்தையைத் தோளில் போட்டிருப்பவர் இருப்பார். இரவுப் பணிக்கு மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டிய செவிலியர் இருப்பார். வேலூரில் எந்தக் கல்யாணத்திலும் அப்படி நாலு பேர் உண்டு. விளையாட்டு அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

மொய் எழுதும் மேசைக்கு அருகில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். நான் முதன்முதலில் ஏற்பாடு செய்த வரவேற்பில், விருந்தினர்கள் நினைவுக்காகக் கட்டைவிரல் ரேகை பதிக்கும் மைப் பெட்டியை மொய் மேசைக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டேன். இரண்டு வரிசையும் ஒன்றாகக் கலந்தது. மை பட்ட விரலோடு மொய்க் கவரை நீட்டினார்கள். ஓர் அத்தையின் ஆரணிப் பட்டில் நீல மை பட்டுவிட்டது. அன்று அவர் பெரிய மனதோடு சிரித்துவிட்டுப் போனார். எனக்கு இன்றுவரை அது உறுத்துகிறது. மொய் மேசையிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். பணம் எண்ணுகிறவர்களுக்கும் அந்த அமைதி தேவை.

எத்தனை வைப்பது?

இரண்டு. மிஞ்சினால் மூன்று. அதில் ஒன்று குழந்தைகளுக்கானதாக இருக்கட்டும். ஏழெட்டு மேசை போட்டால் பொருட்காட்சி போலாகிவிடும். ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் எட்டிப்பார்ப்பார்கள், எதுவும் நிறையாது. எனக்கு மிகப் பிடித்த இரண்டை விரிவாகச் சொல்கிறேன். இரண்டுக்குமாகச் சேர்த்து எங்கள் வீட்டில் 2,000 ரூபாய்க்கு மேல் ஆனதில்லை.

ஒட்டுப்பொட்டு வரைபடம்

உங்கள் வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஊர்ப்பெயருக்குப் பின்னால் "வ.ஆ. மாவட்டம்" என்று அச்சிட்டிருக்கும். அந்த வட ஆற்காடு இன்று வரைபடத்தில் இல்லை. 1911இல் சித்தூர் பிரிந்தது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. மிச்சம் இருந்த வேலூர் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. உறவுகள் மட்டும் பிரியவில்லை. வந்தவாசியில் கொடுத்த பெண், வாணியம்பாடியில் எடுத்த மருமகள், பலமநேரில் பாதித் தெலுங்கு பேசும் மாமா என்று ஒரே குடும்பம் பழைய மாவட்டம் முழுவதும் பரவிக் கிடக்கிறது. அவர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் சேரும் அபூர்வமான மூன்று மணி நேரம்தான் வரவேற்பு. அதை ஒரு படமாகக் காட்டிவிடலாம்.

நான்கு அடிக்கு மூன்று அடி அளவில் கெட்டியான வெள்ளை அட்டை அல்லது பலகையில் இழுத்துக் கட்டிய பருத்தித் துணி எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பாலாற்றை வரையுங்கள்: இடப்பக்கம் வாணியம்பாடியில் தொடங்கி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு வழியாக வலப்பக்கம் காஞ்சிபுரத்தை நோக்கி. அடுத்து ரயில் பாதை: ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம். இந்த இரண்டு கோடுகள் விழுந்துவிட்டால் நம் ஊர்க்காரர் எவரும் தம் ஊர் எங்கே என்று கண்டுபிடித்துவிடுவார். பிறகு குடியாத்தம், அணைக்கட்டு, சோளிங்கர், ஆரணி, செய்யாறு, போளூர், திருவண்ணாமலை என்று ஊர்களைக் குறியுங்கள். மேலே சித்தூருக்கு இடம் விடுங்கள். இடது ஓரத்தில் பெங்களூருக்கு ஓர் அம்புக்குறி, வலது ஓரத்தில் சென்னைக்கு ஓர் அம்புக்குறி. மூலையில் ஒரு கட்டம் போட்டு "கடல் தாண்டி" என்று எழுதுங்கள். அளவு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. பார்த்தவுடன் புரிந்தால் போதும்.

சிற்றூர்களின் பெயர்களில்தான் முழுச் சுவையும் இருக்கிறது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, பெண் வீட்டுப் பாட்டி ஒருவர், மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி ஒருவர் என இருவரிடமும் உட்கார்ந்து, யார் யாருக்குப் பத்திரிகை வைத்தீர்கள், அவர்கள் எந்த ஊர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஊர்களை முன்கூட்டியே சிறிய எழுத்தில் வரைபடத்தில் போட்டுவிடுங்கள். நாற்பது வீடு மட்டும் உள்ள தம் ஊர் பெரிய எழுத்துள்ள ஊர்களுக்கு நடுவே இருப்பதைப் பார்த்ததும், வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பேரனைக் கூப்பிட்டு விரலால் காட்டினார் ஒரு முதியவர். இதற்காகவே இந்த வேலையை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்வேன்.

பொட்டுக்கு வேறெங்கும் தேட வேண்டாம். வேலூர் லாங் பஜாரில் வாங்கும் சாதாரண ஒட்டுப்பொட்டு அட்டைகளே போதும். பெண் வீட்டாருக்கு அரக்கு நிறம், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பச்சை, இரண்டு வீட்டுக்கும் பொதுவானவர்களுக்கு மஞ்சள். விருந்தினர் தம் ஊரில் ஒரு பொட்டை ஒட்டிவிட்டுப் பக்கத்தில் பெயரை எழுதுவார். இடம் போதாத ஊர்களுக்கு, குறிப்பாக வேலூர், காட்பாடிக்கு, ஓரத்தில் தனியாக ஒரு பெரிய வட்டம் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் அந்த இடம் பொட்டு மேல் பொட்டாகிவிடும்.

மேடை வரிசை வளைகிற இடத்தில், மார்பு உயரத்தில், நல்ல வெளிச்சத்தில் நிறுத்துங்கள். பிறகு தள்ளி நின்று பாருங்கள். அரக்குப் பொட்டு ஒட்ட வந்தவர், அதே ஊரில் பச்சைப் பொட்டு இருப்பதைப் பார்த்துவிட்டு, இது யார் என்று திரும்பித் தேடுவார். சம்பந்தி வீட்டுக்காரர்கள் ஒருவரோடொருவர் பேச ஆரம்பிக்க இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஊர்ப்பெயர் மட்டும் போதும். குலம், பட்டப்பெயர் என்று எதையும் கேட்கும் கட்டம் இந்த வரைபடத்தில் வேண்டாம். மணமக்களோடு வேலை செய்பவர், வீட்டுக்கு வெள்ளையடித்தவர், காய்கறிக்காரர் எல்லாரும் ஒரே அளவுப் பொட்டைத்தான் ஒட்ட வேண்டும்.

மண்பானையும் கேள்விச் சீட்டும்

காட்பாடியை அடுத்த கரிகிரி, மெருகேற்றிய மண்பாண்டங்களுக்குப் பெயர்போன ஊர். அங்கே போய் வாய் அகன்ற ஒரு பானை வாங்கி வாருங்கள். விருந்தினர்கள் அதில் சீட்டு எழுதிப் போடுவார்கள். பானையின் வாயைத் துணியால் கட்டி வைத்துவிட்டு, முதல் ஆண்டு நிறைவு நாளில் மணமக்கள் இருவரும் அவிழ்த்துப் படிப்பார்கள். முதலில் நான் மண் உண்டியல்தான் வைத்தேன். ஆண்டு நிறைவில் உடைத்தால் அழகாக இருக்கும் என்று நினைத்தேன். உண்டியல் என்றால் நம் மக்களுக்குக் காசுதான். சீட்டோடு நாணயமும் விழுந்தது, பத்து ரூபாய் நோட்டும் விழுந்தது. கேட்காமலே மொய் கேட்டதுபோல் ஆனது எனக்குச் சங்கடமாக இருந்தது. பானைக்கு மாறியபின் அந்தக் குழப்பம் இல்லை. ஆனாலும் "காசு வேண்டாம், உங்கள் நினைவு ஒன்று போதும்" என்று ஒரு பலகை வைத்துவிடுங்கள்.

வெற்றுச் சீட்டைக் கொடுத்து வாழ்த்து எழுதுங்கள் என்று சொன்னால், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்றுதான் எழுதுவார்கள். அதில் தவறில்லை, ஆனால் ஒரு வருடம் கழித்து 200 சீட்டிலும் அதையே படிக்க வேண்டியிருக்கும். சீட்டின் மேலே ஒரு கேள்வியை அச்சிட்டுவிடுங்கள். கேள்வி எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு நல்ல பதில் வரும். நான் பயன்படுத்திய சில:

மணமகளையோ மணமகனையோ சிறு வயதில் பார்த்த ஒரு நாள். எங்கே, என்ன செய்துகொண்டிருந்தார்?

உங்கள் வீட்டில் சண்டை வந்தால் முதலில் பேசுவது யார்? எப்படிப் பேசுவார்?

கல்யாணமான முதல் மாதத்தில் நீங்கள் சமைத்து வீணான பண்டம் எது?

இவர்கள் உங்கள் ஊருக்கு வந்தால் முதலில் எங்கே கூட்டிப்போவீர்கள்?

மாமியாரிடமோ மாமனாரிடமோ நீங்கள் கற்றுக்கொண்ட ஒரு நல்ல பழக்கம்?

மூன்றாவது கேள்விக்கு ஆண்களும் எழுதும்படி சொல்லுங்கள். எழுதுகிறார்கள்; மிகுந்த ஆர்வத்தோடு எழுதுகிறார்கள். இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்களில் ஒன்று என் நினைவிலேயே தங்கிவிட்டது: "அவர் பேச மாட்டார். தண்ணீர் சொம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார். அதுதான் பேச்சு." நாற்பது வருடம் குடும்பம் நடத்திய ஓர் அம்மா சொன்னது.

சொன்னது என்றுதான் எழுதியிருக்கிறேன். அவருக்கு எழுத வராது. எழுத்து மேசை போடுகிறவர்கள் மறந்துவிடுகிற இடம் இது. எழுத வராதவர்கள் பானையைப் பார்த்ததும் ஒதுங்கிப் போய்விடுவார்கள். ஏன் என்று சொல்லவும் மாட்டார்கள். ஆகவே கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரைக் கையில் அட்டையும் சீட்டும் பேனாவுமாக வரிசைக்குள் அனுப்புங்கள். எழுதத் தெரியுமா என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. "பாட்டி, நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்" என்று எல்லாரிடமும் ஒரேபோல் சொல்ல வேண்டும். கண்ணாடி கொண்டுவராதவர்களுக்கும் குழந்தையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும் இது வசதி. சொன்ன வார்த்தையை அப்படியே எழுதச் சொல்லுங்கள். திருத்தி எழுதினால் பாட்டி மறைந்துபோவார்.

சீட்டு, நான்காக மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் அளவில் இருக்கட்டும். பேனா பால்பாயின்ட் பேனாவாக இருக்க வேண்டும். ஜெல் பேனா மை ஈரம் பட்டால் பரவிவிடும். பன்னீரும் சந்தனமும் படிந்த கைகளை நினைத்துப் பாருங்கள். 40 பேனா வாங்குங்கள், 15தான் திரும்பி வரும். ஒவ்வொன்றையும் நூலால் மேசையில் கட்டிவிடுவதும் நல்லதுதான், ஆனால் வரிசைக்குள் போகும் பேனாக்களைக் கட்ட முடியாது.

மற்றவை, சுருக்கமாக

கட்டைவிரல் மரம் இப்போது பல வரவேற்புகளில் வருகிறது. இலையில்லாத மரத்தை வரைந்து வைத்தால், விருந்தினர்கள் பச்சை மையில் விரல் பதித்து இலையாக்குவார்கள். அளவில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். ஒரு ரேகைக்கும் அடியில் எழுதும் பெயருக்கும் மூன்று சென்டிமீட்டர் சதுரம் வேண்டும். 300 பேர் என்றால் ஏ2 தாள் போதாது, ஏ1 வாங்குங்கள். மையைத் துடைக்கத் தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சும் ஈரத் துணியும் ஒருவர் கையில் தயாராக இருக்க வேண்டும். பட்டுப் புடவை நினைவிருக்கட்டும்.

சாப்பாட்டுக் கூடத்தின் கதவருகே நான்கு நாற்காலி, ஒரு மேசை, அதன் மேல் இரண்டு பல்லாங்குழி. இதற்கு விளக்கமோ அறிவிப்போ தேவையில்லை. புளியங்கொட்டையைக் குழியில் போட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண் வந்து உட்காருவார், எதிரில் இன்னொருவர். பத்து நிமிடத்தில் சுற்றிலும் எட்டுப் பேர் நிற்பார்கள். தாயக்கட்டையும் வைக்கலாம், ஆனால் ஆட்டம் நீண்டுவிடும், பந்தியைத் தவறவிடுவார்கள். சோழி, புளியங்கொட்டை இரண்டும் கைக்குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும் பொருட்கள் என்பதால் மேசை உயரமாக இருக்கட்டும், தரையில் விரிக்க வேண்டாம்.

குழந்தைகளுக்கு ஓர் ஓரத்தில் பாய் விரித்து, வண்ணப் பென்சிலும் மணமக்களின் கோட்டுப்படம் அச்சிட்ட தாளும் வையுங்கள். இன்னும் கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால், மண்பாண்டம் செய்யும் ஒருவரைச் சக்கரத்தோடு அழைத்து வாருங்கள். தொட்டுப் பார்க்க விடுவார் என்றால் அந்த இடத்தைவிட்டு ஒரு குழந்தையும் நகராது. கை கழுவ ஒரு வாளித் தண்ணீர், துடைக்கப் பழைய துண்டு. அவருக்கும் முதல் பந்தியிலேயே சாப்பாடு போட்டுவிட வேண்டும்.

மருதாணி, வளையல் மூலைகளை எல்லாரும் வைக்கிறார்கள், வைக்கலாம். கறுப்பு மருதாணி என்று விற்கும் பசையை மட்டும் அனுமதிக்காதீர்கள். அதில் கலக்கும் சாயம் சிலருக்குத் தோலில் கொப்புளம் உண்டாக்கும். இலையை அரைத்தது அல்லது இலைப்பொடியில் குழைத்ததுதான் பாதுகாப்பு.

மாப்பிள்ளை வீட்டார் தொலைவிலிருந்து, மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்தால், ஊர் வினா அட்டைகள் நன்றாக எடுபடும். கேள்வி ஒருபக்கம், விடை மறுபக்கம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து எந்த நிலையம் வரை வந்தது? வாலாஜா ரோடு. வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தது எந்த நாளில்? 1806 ஜூலை 10. கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலில் லிங்கம் மீண்டும் எந்த ஆண்டில் வைக்கப்பட்டது? 1981. எந்த ஊர்க் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது? இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய். அதேபோல் அவர்கள் ஊரைப் பற்றியும் பத்துக் கேள்வி எழுதித் தரச் சொல்லுங்கள். சரியாகச் சொன்னவருக்கு ஓர் ஆற்காடு மக்கன் பேடா. ஜீராவில் ஊறிய பண்டம், பட்டில் சிந்தும், கிண்ணத்தோடு கொடுங்கள்.

மேடையில் கேள்வி கேட்பது பற்றி

தொகுப்பாளர் ஒருவர் மைக்கைப் பிடித்து மணமக்களிடம் கேள்வி கேட்கும் வழக்கம் பெருகிவிட்டது. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. மணமக்கள் இருவரும் முன்கூட்டிப் படித்து ஒப்புக்கொள்ளாத ஒரு கேள்விகூட மைக்கில் வரக் கூடாது. வீட்டில் யார் ஆட்சி, முதலில் ஆணா பெண்ணா, சம்பளம் யாருக்கு அதிகம் போன்ற கேள்விகளால் பெண்ணின் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவள் பெற்றோர் கீழே கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்புக்காக அந்தப் பெண் ஏன் அதைத் தாங்க வேண்டும்?

கேட்டே ஆக வேண்டும் என்றால் விருந்தினர்களிடம் கேளுங்கள். மணமகனின் பள்ளித் தோழர்களில் மூவர், மணமகளின் தோழியர் மூவர், பத்துக் கேள்வி, பத்து நிமிடம், அதோடு முடிந்தது. குடத்தில் மோதிரம் தேடுவது, அப்பளம் உடைப்பது போன்ற பழைய விளையாட்டுகளை மறுநாள் சடங்கோடு வைத்துக்கொள்ளுங்கள். அவை நெருங்கிய உறவு சூழ நடக்கும்போதுதான் இனிக்கும்.

திறந்தவெளியில் வரவேற்பு வைத்திருந்தால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

யார் பார்த்துக்கொள்வது?

மணமக்களின் பெற்றோர் அல்ல. உடன்பிறந்தவர்களும் அல்ல, அவர்களை ஒவ்வொரு நிமிடமும் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒரு சித்தியோ தாய்மாமன் மகனோ, பொறுமையும் உரத்த குரலும் உள்ள ஒருவர் முழுப்பொறுப்பு எடுக்கட்டும். அவருக்குக் கீழே வரைபடத்துக்கு ஒருவர், பானைக்கும் சீட்டுக்கும் மூவர், குழந்தைகளிடம் இருவர். இந்த ஆறு பேரும் 5.30 மணிக்கே சாப்பிட்டுவிட வேண்டும். பசியோடு நிற்பவர் முகத்தில் விருந்தோம்பல் இராது.

15 நாள் முன்பு மணமக்களிடம் திட்டத்தைச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். ஒரு வாரம் முன்பு பாட்டிகளிடம் ஊர்ப்பட்டியல். மூன்று நாள் முன்பு வரைபடமும் சீட்டுகளும் முடிந்திருக்க வேண்டும். அன்று மதியம் 3 மணிக்கு மண்டபத்தில் மேசை போட்டு, அலங்காரக்காரர்கள் நகர்த்திவிடாமல் ஒருவர் காவல் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் என்றால் வரிசை ஓரத்தில் நீர்மோர்ப் பானை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; வேலூர் வெயில் மாலை 7 மணிக்கும் சுவரில் இருக்கும்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து முஸ்லிம் திருமணங்களின் வலிமா விருந்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கூடம் என்றால், எல்லாவற்றிலும் இரண்டு செட் வைத்துப் பிறகு ஒன்றாகச் சேருங்கள். தேவாலயத் திருமணத்தில் அன்று மாலையே வரவேற்பு என்பதால் தயாரிப்பு நேரம் குறைவு. பானை மட்டும் போதும்.

கூட்டம் வரத் தொடங்கும்போது காலி வரைபடத்தில் முதல் பொட்டை ஒட்ட எவரும் தயங்குவார்கள். அந்த முதல் பொட்டை ஒட்ட யாரை அழைப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கணவரை இழந்ததால் மங்கல காரியங்களில் ஓரமாக உட்காரவைக்கப்பட்ட ஒரு பெரியம்மாவோ அத்தையோ உங்கள் வீட்டில் இருப்பார். அவரை அழையுங்கள். எங்கள் வீட்டில் அழைத்தோம். அவர் பொட்டைத் தொடவே யோசித்தார். மணப்பெண்தான் மேடையிலிருந்து இறங்கி வந்து, அட்டையிலிருந்து ஒரு அரக்குப் பொட்டை எடுத்து அவர் விரலில் வைத்தாள். அவர் சோளிங்கருக்கு மேல் அதை ஒட்டினார். அதன்பின் வரிசையில் தயக்கமே இல்லை.

மறுநாள்

மண்டபத்தைக் காலி செய்யும் அவசரத்தில்தான் எல்லாம் தொலைகிறது. ஒரு வீட்டில் வரைபடத்தைக் குப்பை என்று நினைத்துப் பந்தல்காரர்கள் சுருட்டி எடுத்துப் போய்விட்டார்கள். இரவு 10 மணிக்கே வரைபடத்தையும் பானையையும் ஒருவர் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும். காலையில் வெளிச்சத்தில் வரைபடத்தை ஒரு படம் எடுத்து, விருந்தினர் அனைவருக்கும் அனுப்புங்கள். வர முடியாதவர்கள் தங்கள் ஊரைச் சொன்னால் அவர்களுக்கும் ஒரு பொட்டு ஒட்டிவிடலாம்.

பானையின் வாயை மடித்த பருத்தித் துணியால் மூடி, சணல் கயிற்றால் கட்டி, தேதியை எழுதிச் சமையலறையிலிருந்து தள்ளி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். கட்டுவதற்கு முன் சீட்டுகளை ஒருமுறை வெயில் படாமல் காற்றில் உலர்த்தினால் பூஞ்சை பிடிக்காது. யார் உலர்த்தினாலும் சீட்டைப் பிரிக்கக் கூடாது. பேரணாம்பட்டுப் பெரியப்பாவின் ஒற்றைச் செருப்புக் கதை அதற்குள் இருக்கிறது. அதை முதலில் படிக்க வேண்டியவள் அவள்.